சனிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை

மலேசியாவின் பினாங்கில், புக்கிட் மின்யாக்கில் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பிளேட்டிங், அதாவது முலாம் பூசும் தொழிற்சாலைகளுக்கு ரேக்கும், சாமானைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கும் செய்து கொடுப்பதுதான் வேலை. அதற்கு முன் 11 வருடம் தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருந்தேன். வெல்டிங், மில்லிங், கரண்ட் கணக்கு எல்லாம் கைவந்த வேலை. ரசாயனம் மட்டும் பள்ளியோடு சரி. அந்த ஒரு குறை, சொந்தமாகத் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடத்தில் என்னை நன்றாக அடித்தது. எந்தப் பொருள் எந்த அமிலத்தில் கரையும் என்று உட்கார வைத்துச் சொல்லித்தர அப்போது எனக்கு ஆள் இல்லை. இதே வேலைக்குள் புதிதாக வரும் ஒருவராவது நான் வேறு ஆர்டர் எடுக்க முடியாமல் தவித்த நான்கு மாதத்தைக் கடக்காமல் தப்பிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரேக் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முலாம் பூச வேண்டிய சாமானை வரிசையாக மாட்டித் தொட்டிக்குள் இறக்குகிற சட்டம் அது. மாட்டுவது மட்டும் அதன் வேலை இல்லை, கரண்டும் அதன் வழியாகத்தான் சாமானுக்குப் போகும். அதனால் நடுத்தண்டு பெரும்பாலும் தாமிரம். ஒரு சதுர அங்குலக் குறுக்குவெட்டுத் தாமிரம் சுமார் 1,000 ஆம்பியர் தாங்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் கணக்கு. சாமானைப் பிடிக்கும் முனைகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பாஸ்பர் வெண்கலம். முனையைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பிளாஸ்டிசால் என்கிற மெத்தென்ற பிவிசி பூச்சு மூடியிருக்கும். அந்தப் பூச்சு இல்லையென்றால் ரேக்கின்மேலும் முலாம் வீணாகப் படியும்.

வந்த ஆர்டர் 36 ரேக். ஒன்று 420 ரிங்கிட், மொத்தம் 15,120. எஃகு பிராக்கெட்டுகளுக்கு நிக்கல் முலாம் போடும் லைன். பாதிப் பணம் முன்பணமாகக் கையில் வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்காரியிடம் இந்தத் தைப்பூசத்துக்குக் கடன் இல்லாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவோம் என்று சொன்னேன்.

பொருள் தேர்வை நான் செய்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன். லைனில் என்னென்ன தொட்டி இருக்கிறது என்று கேட்டேன். 75 டிகிரியில் கார சோப்புத் தொட்டி, அப்புறம் மின்சாரச் சுத்திகரிப்பு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், 58 டிகிரியில் நிக்கல், இடையிடையே தண்ணீர். பட்டியலை எழுதிக்கொண்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் விற்பனைக் கடை கொடுத்த ரசாயனத் தாங்குதிறன் அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டேன். சாமானைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளாம்புக்கு டெல்ரின் என்று எல்லோரும் சொல்கிற பிஓஎம் என்ற கெட்டி பிளாஸ்டிக்கை எடுத்தேன். கடைசலில் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், அளவு மாறாது, ஸ்பிரிங் மாதிரித் திரும்பி வரும். காரத்துக்கு நல்லது என்று அட்டவணையும் சொன்னது. அமிலத்தின் கட்டத்தில் ‘வரம்புக்குட்பட்டது’ என்று இருந்ததைப் பார்த்தேன். அரை நிமிடம்தானே மூழ்கப்போகிறது என்று தாண்டிவிட்டேன்.

அந்த அட்டவணையில் இரண்டு விஷயத்தை நான் சரியாகப் படிக்கவில்லை. ஒன்று, நான் பார்த்த கட்டம் 20 டிகிரிக்கானது. இன்னொன்று, அட்டவணை ஒரு ரசாயனத்தில் ஒரு பிளாஸ்டிக்கைத்தான் சொல்லும். ரேக் அப்படி வாழ்வதில்லை. சூடான காரத்தில் விரிந்து, குளிர்ந்த அமிலத்தில் சுருங்கி, மறுபடி சூட்டில் விரிந்து, ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த வட்டம் சுற்றும். கிளாம்ப் எப்போதும் இழுவிசையில் இருக்கும். சும்மா கிடக்கும்போது ரசாயனத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக், வளைத்துப் பிடித்திருக்கும்போது அதே ரசாயனத்தில் விரிசல் விடக்கூடும். பிளாஸ்டிக்கின் ரசாயனத் தாங்குதிறனைச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் டி543 முறையில், துண்டை இழுவிசையில் வைத்துப் பார்ப்பதற்கும் வழி இருக்கிறது. அன்றைக்கு அப்படி ஒரு முறை இருப்பதே எனக்குத் தெரியாது.

டிசம்பர் முதல் வாரத்தில் ரேக்குகளை லாரியில் ஏற்றிப் பினாங்குப் பாலம் தாண்டித் தீவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் எந்தப் புகாரும் இல்லை. மூன்றாவது வாரம், ரேக்கில் இடைவெளி விடுவதற்காக வைத்த பிளாஸ்டிக் பட்டைகள் வளைந்துவிட்டதாக ஒரு படம் வந்தது. கார சோப்புத் தொட்டியிலிருந்து எடுத்த ரேக்கில் சாம்பல் நிறப் பட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்து நின்றது. பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்கிய தகடு அது. பட்டறையில் மிச்சம் கிடந்த துண்டு ஒன்றைத் தண்ணீர் வாளியில் போட்டேன், நேராக அடியில் போய் உட்கார்ந்தது. பிபி தண்ணீரில் மிதக்கும், அதன் அடர்த்தி 0.9 அளவுதான். அடியில் போனது சாதாரண கெட்டி பிவிசி. அது 60 டிகிரிக்கு மேல் நம்பி வைக்கக்கூடிய பொருள் இல்லை. சாம்பல் நிறத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. அப்போதிருந்து எந்தத் தகடு வந்தாலும் ஒரு துண்டு வாளிக்குள் போகும். சந்தேகம் தீரவில்லையென்றால் தாமிரக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுவேன். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி வகை. இதைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள், வரும் புகை நல்லதில்லை.

பட்டைகளை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தத் தொழிற்சாலையின் லைன் சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்தார். “தம்பி, நேர்ல வா. போன்ல சொல்ல முடியாது.” போனேன். ஆய்வுக்கூடத்து மேடம் ஹல் செல் தகடு ஒன்றை மேசையில் வைத்தார். ஹல் செல் என்பது 267 மில்லிலிட்டர் பிடிக்கும் சாய்ந்த சின்னத் தொட்டி. கரண்ட் அதிகமாகவும் குறைவாகவும் பாயும் இடங்களில் முலாம் எப்படி விழுகிறது என்று ஒரே தகட்டில் காட்டிவிடும். அந்தத் தகட்டின் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. கரண்ட் குறைந்த பக்கம் புகை படிந்த மாதிரிக் கறுத்திருந்தது. “நிக்கல் தொட்டியில தாமிரம் கலந்திருக்கு. எங்க லைன்ல தாமிரம் எங்கேயும் இல்ல, உங்க ரேக்கத் தவிர,” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் ஒரு ரேக்கைக் கொண்டுவந்து கிடத்தினார். முனைக்குப் பக்கத்தில் பூச்சு லேசாக உப்பியிருந்தது, கொப்புளம் மாதிரி. பேனாக்கத்தியால் அதைக் கீறினார். உள்ளிருந்து பச்சை கலந்த நீலத்தில் ஒரு திரவம் வழிந்து மேசைமேல் போட்டிருந்த பழைய காகிதத்தில் பரவியது. பூச்சை இன்னும் கொஞ்சம் உரித்தபோது தாமிரத் தண்டு தெரிந்தது, எலி கடித்த மாதிரிப் பள்ளம் பள்ளமாக. ஏழு வாரத்தில் 10 மில்லிமீட்டர் தண்டு சில இடங்களில் 6 மில்லிமீட்டராகியிருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தாமிரத்தை இவ்வளவு வேகமாகத் தின்னாது என்று எனக்கே தெரியும். வேறு ஏதோ இருக்கிறது. அப்போதுதான் கேட்டேன், “அண்ணே, முனையில ஏறுற நிக்கலை எப்படி எடுக்கிறீங்க?”

“சனிக்கிழமை பின்கொட்டாயில நைட்ரிக்ல போடுவோம். எல்லா இடத்திலயும் அப்படித்தானே?”

அந்த நைட்ரிக் தொட்டி லைனில் இல்லை, பின்னால் தனிக் கொட்டகையில் இருந்தது. நான் வாங்கிய பட்டியலிலும் இல்லை. அவர்கள் மறைக்கவில்லை, நான்தான் லைனை மட்டும் கேட்டேன். நைட்ரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொடாமல் அதன்மேல் இருக்கும் நிக்கலை மட்டும் கரைக்கும், அதனால்தான் முனையைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தாமிரத்தை அது விழுங்கிவிடும், பழுப்புப் புகை கிளம்பும். பூச்சில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும், நைட்ரிக் உள்ளே போய்த் தண்டைக் கரைக்கும். திங்கள்கிழமை அதே துளை வழியாகத் தாமிர உப்புத் தண்ணீர் நிக்கல் தொட்டிக்குள் ஒழுகும். என் டெல்ரின் கிளாம்புகளின் கதையும் அங்கேதான் முடிந்திருக்கிறது. நகத்தால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, பள்ளி ஆய்வுக்கூடத்தில் பாட்டிலில் தவளை வைத்திருப்பார்களே, அந்த ஃபார்மலின் நெடி அடித்தது. பிஓஎம் வலுவான அமிலத்தில் உடைந்து ஃபார்மால்டிஹைடாகத்தான் பிரியும். காரத்தை நன்றாகத் தாங்கும் அதன் கோபாலிமர் வகைகூட பிஎச் 4க்குக் கீழே போனால் நம்பத் தகாதது.

அன்று பாலத்தில் திரும்பி வரும்போது காரை எப்படி ஓட்டினேன் என்றே தெரியவில்லை. 13 கிலோமீட்டருக்கு மேல் நீளம் அந்தப் பாலம், அன்றைக்கு அது முடியவே இல்லை. வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தனியாகத் தூக்கிச் சுமந்ததில் நிதானம் போய், மூன்றாம் நாள் அவசரத்தில் இன்னொரு தப்பு செய்யப் பார்த்தேன். ஒரு நண்பர், எல்லாவற்றையும் டைட்டானியத்தில் செய்துவிடு, எதுவும் தொடாது என்றார். விலை கேட்டுவிட்டு, கடன் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளை, ஆய்வுக்கூடத்து மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டேன். டைட்டானியம் நைட்ரிக்கில் அருமையாக நிற்கும், ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் அடர்த்தியானால் கரையத் தொடங்கும், ஃபுளோரைடு கலந்த எந்தத் தொட்டியிலும் நிற்காது என்றார். அத்தோடு அதன் மின்கடத்துதிறன் தாமிரத்தில் சுமார் 3 சதவிகிதம்தான். அலுமினிய அனோடைசிங் ரேக்குக்கு அது சரியான பொருள், நிக்கல் லைனில் தாமிரத் தண்டின் இடத்தில் அதை வைத்தால் சூடேறித் திணறும். விலை அதிகமான பொருள் எல்லாவற்றையும் தாங்கும் என்ற எண்ணத்தை நான் அன்று விட்டேன்.

பிளாஸ்டிக்கிலும் அதே கதைதான். டெஃப்லான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் மெத்தென்று அமுங்கிப்போகும், அழுத்திப் பிடிக்கும் வேலைக்கு உதவாது. பிவிடிஎஃப் என்ற ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் நைட்ரிக்கை நன்றாகத் தாங்கும், ஆனால் சூடான வலுவான காரத்தில் விரிசல் விடும், எங்கள் முதல் தொட்டியே அதுதான். பிபி சூடான காரத்திலும் ஹைட்ரோகுளோரிக்கிலும் நன்றாக உழைக்கும், ஆனால் நைட்ரிக், குரோமிக் போன்ற ஆக்சிஜனேற்ற அமிலங்களில் நாளடைவில் நொறுங்கும். நைலானை அமிலம் தின்னும். பாலிகார்பனேட்டைக் காரம் தின்னும். இப்போது 3டி பிரிண்டரில் பிஎல்ஏ, பிஇடிஜி கொண்டு ஜிக் செய்கிறார்கள், சூடான காரத்தில் அந்தப் பாலியெஸ்டர்கள் சிதைந்துபோகும். ரப்பர் வளையத்திலும் கவனம் வேண்டும். விட்டான் அமிலத்துக்கு நல்லது, வலுவான காரத்துக்கு ஆகாது. இபிடிஎம் காரத்துக்கு நல்லது, எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதினேன். ஐந்து தொட்டி, கூடவே சனிக்கிழமைத் தொட்டி. ஆறு கட்டத்திலும் பாஸ் ஆகி, விறைப்பாகவும் இருந்து, என் விலைக்குள்ளும் வருகிற ஒரு பொருள்கூட இல்லை. அதைப் பார்த்ததும் முதலில் பயம் வந்தது. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. எல்லாவற்றையும் தாங்கும் பொருளைத் தேடுவதற்குப் பதில், ரேக் முழுவதும் நைட்ரிக்குக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் என்ன?

அப்படித்தான் மறுபடி வரைந்தேன். முனைகள் கழற்றி மாட்டும் மாதிரி. சனிக்கிழமை முனைகளை மட்டும் கழற்றி ஒரு பிவிசி கூடையில் போட்டு நைட்ரிக்கில் இறக்குவார்கள், நைட்ரிக் சூடேறாமல் இருக்கும்வரை கூடைக்கு ஒன்றும் ஆகாது. தண்டும் கிளாம்பும் வெளியே நிற்கும். கிளாம்பை பிபியில் செய்தேன். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிபி சூட்டில் நிறைய நீளும். ஒரு மீட்டர் பட்டை 60 டிகிரி ஏறினால் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும், பக்கத்தில் இருக்கும் உலோகம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் நகரும். இரண்டையும் இறுக்கித் திருகினால் ஏதோ ஒன்று வளையும் அல்லது கிழியும். அதனால் பட்டையின் ஒரு கோடியில் வட்டத் துளையும் மறுகோடியில் நீள்துளையும் போட்டேன்.

இனி ஊசித்துளை. இதுதான் என் மனசில் இன்னும் ஆறாத இடம், ஏனென்றால் இது முழுக்க என் கைவேலையில் வந்த தப்பு. ஸ்டெயின்லெஸ் முனையைத் தாமிரத் தண்டோடு வெள்ளிப் பற்றாசில் ஒட்டியிருந்தேன். ரேக்கை முழுதாகப் பிளாஸ்டிசாலில் முக்கி, அடுப்பில் 180 டிகிரி அளவில் வேகவைத்து, அப்புறம் முனையில் மட்டும் பூச்சை வெட்டி எடுப்பார்கள். நான் வெட்டுக்கோட்டைப் பற்றாசு இணைப்புக்கு 4 மில்லிமீட்டர் பக்கத்தில் குறித்துக் கொடுத்திருந்தேன். பூச்சின் வெட்டு விளிம்பு எப்போதும் பலவீனமான இடம். சூட்டில் விரிந்து சுருங்கும்போது அங்கேதான் முதலில் உலோகத்தை விட்டு எழும்பும். எழும்பினால் அமிலம் ஊர்ந்துபோய் இணைப்பைத் தொட 4 மில்லிமீட்டர் எவ்வளவு நேரம்? இப்போது தாமிரம் முடியும் இடத்திலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டராவது ஸ்டெயின்லெஸ் மேலேயே பூச்சு ஓட வேண்டும் என்று வரைபடத்தில் எழுதுகிறேன். வெல்டிங் மேடுகளைத் தேய்த்து மழுப்புகிறேன், கூர்மையான மூலைகளை உருட்டுகிறேன், ஏனென்றால் கூர்மையான விளிம்பில் பூச்சு வழிந்து மெலிந்துவிடும். வெல்டில் சின்னக் குழி இருந்தால் அதில் அடைபட்ட காற்று அடுப்பில் வெளியேறும்போது பூச்சில் துளை போட்டுக்கொண்டுதான் வரும்.

துளையைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். உயர் மின்னழுத்தத் தீப்பொறிச் சோதனைக் கருவி இருந்தால் நல்லது, விலை எனக்குக் கட்டவில்லை. அதற்குப் பதில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம், தண்ணீர், இரண்டு கை உப்பு, சில சொட்டுப் பாத்திரச் சோப்பு. சோப்பு சேர்த்தால் தண்ணீர் சின்னத் துளைக்குள்ளும் நுழையும். முனையில் பூச்சை வெட்டுவதற்கு முன்பு, ரேக் முழுவதும் மூடியிருக்கும்போதே, மேல் கொக்கி மட்டும் வெளியே இருக்கும்படி இறக்கிப் பத்து நிமிடம் வைப்பேன். மல்டிமீட்டரின் ஒரு கம்பி கொக்கியில், இன்னொன்று தண்ணீரில். மீட்டர் எண் எதுவும் காட்டாமல் திறந்த சர்க்யூட் என்றே நின்றால் நல்ல ரேக். எண் ஓட ஆரம்பித்தால் எங்கேயோ துளை இருக்கிறது. மெதுவாக மேலே தூக்கினால் எண் மறையும் இடத்தில்தான் அந்தத் துளை. புதுப் பூச்சு வந்தபிறகு இப்படிப் பார்த்ததில் 36ல் 5 ரேக் தோற்றது. இந்தச் சோதனையை முதல் தடவையே செய்திருந்தால் ஒரு டிரம் தண்ணீர் செலவோடு முடிந்திருக்கும்.

பழைய பூச்சை எரித்து எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு, மூச்சுக்குழாயைப் பொசுக்கும். நாங்கள் லேசாகச் சூடாக்கிக் கத்தியால் உரித்தோம். உரித்த பூச்சையும் சாதாரணக் குப்பையில் போட முடியாது. நிக்கல், தாமிர உப்பு ஒட்டிய பிளாஸ்டிக், மலேசியாவின் 2005ஆம் ஆண்டுப் பட்டியலிடப்பட்ட கழிவு (Scheduled Wastes) விதிகளின்கீழ் எஸ்டபிள்யூ 410 வகையில் வரும். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுக்க வேண்டும், 180 நாளைக்கு மேல் பட்டறையில் வைத்திருக்கக் கூடாது.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தொட்டியைச் சரிசெய்ய, மடித்த தகடுகளைத் தொங்கவிட்டுக் குறைந்த கரண்டில் நாள்கணக்காக ஓட்டித் தாமிரத்தை இழுத்தெடுத்தார்கள். அந்த நாள்களின் உற்பத்தியும் தள்ளுபடியான சாமானும் சேர்த்து 11,800 ரிங்கிட்டுக்கு டெபிட் நோட் வந்தது. பேசி 9,000க்கு இறக்கினேன். எனக்கு வரவேண்டிய 7,560 அதிலேயே கழிந்தது, மிச்சம் 1,440 கையிலிருந்து போனது. மறுபடி பூச்சு, முனை, கிளாம்ப் எல்லாம் 6,300. ஆக 15,300 ரிங்கிட், மொத்த பில்லைவிட 180 அதிகம். நான்கு மாதம் வேறு ஆர்டர் எடுக்க முடியவில்லை. அந்த வருடம் தண்ணீர்மலைக்குப் போனோம், ஆனால் மனசு அங்கே இல்லை.

இப்போது புது ஆர்டர் என்றால் நான் முதலில் கேட்பது ரேக்கின் ஒரு வாரத்தைத்தான். திங்கள் காலை எந்தத் தொட்டி, என்ன சூடு, எத்தனை நிமிடம், மதியம் ஓய்வில் எங்கே தொங்கும், அமிலத் தொட்டிக்கு மேலே ஆவியில் தொங்குமா, முனையை எதில் சுத்தம் செய்வார்கள், வருடக் கடைசி மூடலில் எங்கே கிடக்கும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தெரியாது, லைனில் நிற்பவர்களைக் கேட்க வேண்டும். விலை சொல்வதற்கு முன் நான் எடுக்க நினைக்கும் பொருள்களில் விரலளவு துண்டுகளை எடைபோட்டு, சிலவற்றை வளைத்துக் கட்டி, அவர்களுடைய பழைய ரேக்கிலேயே தொங்கவிட்டு ஆறு வாரம் ஓட்டச் சொல்கிறேன். சனிக்கிழமைக்கும் சேர்த்து. சில வாடிக்கையாளர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு ஆர்டர் அப்படிக் கைவிட்டுப் போனது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அந்த 36 ரேக்கும் இன்னும் ஓடுகின்றன. போன மாதம் போய்ப் பார்த்தபோது அண்ணன் ஒரு குறை சொன்னார், பிபி திருகுகள் சூட்டில் தளர்ந்து கிளாம்ப் ஆடுகிறதாம். பிபி தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் மெல்ல இளகிக் கொடுக்கும், அதற்கு மாற்று இல்லை. திங்கள் காலை லைன் ஓடுவதற்கு முன் கால் சுற்று இறுக்கச் சொன்னேன். அதை அவர்களுடைய பராமரிப்பு அட்டையில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.